செடிச் சாயத்தில் ஜெல்லி: நிறம் மாறினால், மங்கினால், கலங்கினால் என்ன செய்வது

வீட்டில் ஜெலட்டின் இனிப்பு செய்து, அதற்குப் பழம், காய், பூ, கீரை ஆகியவற்றிலிருந்து நிறம் ஏற்றும்போது வரும் சிக்கல்களை இங்கே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் கிண்ணத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன் இந்த முதல் சில பத்திகளை மட்டும் படித்துவிடுங்கள். கீழே சொல்லும் எல்லாத் தீர்வுகளுக்கும் அடிப்படை இதில்தான் இருக்கிறது.

நிறம் சரியாக வரவில்லை என்றதும் பலரும் சாற்றை இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறார்கள். அது அபூர்வமாகத்தான் உதவும். செடிச் சாயம் பெரும்பாலும் அளவு குறைந்ததால் கெடுவதில்லை. தனக்கு ஒத்துவராத புளிப்போடு அல்லது சூட்டோடு சேர்ந்ததால் கெடுகிறது. அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த நிறம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதுதான்.

சிவப்பு முட்டைகோஸ், சங்குப்பூ, செம்பருத்தி, கறுப்பு திராட்சை, நாவல், ஊதாச் சர்க்கரைவள்ளி இவற்றில் இருப்பது அந்தோசயனின். புளிப்புக்கு ஏற்ப நிறம் மாறுவது இதன் குணம். பீட்ரூட், சிவப்புத் தண்டுக்கீரை, சிவப்புச் சதை உள்ள டிராகன் பழம் இவற்றில் இருப்பது பீட்டாலைன். இதற்குப் புளிப்பு பிரச்சினை இல்லை, சூடுதான் எதிரி. மஞ்சளில் குர்குமின், கேரட்டில் கரோட்டின். இரண்டும் சூட்டை ஓரளவு தாங்கும், தண்ணீரில்தான் சரியாகக் கரையாது. கீரைகளில் பச்சையம். அதற்குப் புளிப்பும் ஆகாது, நீண்ட சூடும் ஆகாது. குங்குமப்பூ மட்டும் கரோட்டின் உறவாக இருந்தும் தண்ணீரில் அழகாகக் கரையும்.

சோதித்துப் பார்க்க ஒரு வெள்ளைத் தட்டு போதும். கலவையை அச்சில் ஊற்றுவதற்கு முன் ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் விட்டு, ஃப்ரீசரில் சில நிமிடம் வையுங்கள். உறைந்த பிறகு தெரியும் நிறமே உண்மையான நிறம். பாத்திரத்தில் ஆழமாக நிற்கும் திரவம் எப்போதும் அடர்த்தியாகத் தெரிந்து ஏமாற்றும்.

இன்னொரு நல்ல செய்தி: உறைந்துவிட்ட ஜெலட்டினைத் திரும்ப உருக்கலாம். கிண்ணத்தைச் சுடுதண்ணீர் உள்ள பாத்திரத்துக்குள் வைத்தால் 40 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும். நிறத்தைத் திருத்தி மறுபடி உறைய வைக்கலாம். கடற்பாசி, அதாவது அகர் அகர், இப்படி எளிதில் இளகாது. அது உருக 85 டிகிரி வேண்டும், அந்தச் சூட்டில் சூடு தாங்காத சாயங்கள் கெடும். ஜெலட்டின் விலங்குத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது என்பதால் கடற்பாசிக்கு மாறுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கான குறிப்புகளையும் அங்கங்கே சேர்த்திருக்கிறேன்.

சிவப்பாக வர வேண்டியது ஊதாவாக, நீலமாக, சாம்பலாக வந்திருக்கிறது

இது அந்தோசயனின் வகைக்கே உரிய தொல்லை. நல்ல புளிப்பில் சிவப்பு, புளிப்பு குறையக் குறைய இளஞ்சிவப்பு, ஊதா. புளிப்பே இல்லாத இடத்தில் நீலம். காரத்தன்மை (மிளகாய்க் காரம் அல்ல, சமையல் சோடாவில் இருப்பது போன்ற, புளிப்புக்கு எதிரான குணம்) ஏறினால் பச்சை, அப்புறம் மஞ்சள். கலவையில் புளிப்பு போதவில்லை என்பதுதான் உங்கள் ஜெல்லி சொல்லும் செய்தி.

காரணம் பல இடங்களில் இருக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். உப்புத்தன்மையும் சுண்ணாம்பும் கூடிய கடினத் தண்ணீருக்கு இயல்பிலேயே காரத்தன்மை உண்டு. அதில் வேகவைத்த முட்டைகோஸ் சாறு நீலம் கலந்த ஊதாவாகத்தான் இறங்கும். வடிகட்டிச் சுத்திகரித்த தண்ணீருக்கு மாறினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரிவதில்லை. ஜெலட்டின் ஒரு புரதம். கலவையில் சேரும் புளிப்பில் ஒரு பகுதியை அது தாங்கி அமுக்கிவிடும். வெறும் சாற்றில் ஒரு டீஸ்பூன் எலுமிச்சை விட்டதும் பளிச்சென்று இளஞ்சிவப்பாக மாறியது, ஜெலட்டின் கலந்ததும் மறுபடி ஊதாவுக்குச் சாயும். அதனால் எலுமிச்சையைப் பிரித்துச் சேருங்கள். பாதியைச் சாற்றில் விட்டு, மீதியை ஜெலட்டின் கரைந்து கலவை வெதுவெதுப்பான பிறகு சொட்டுச் சொட்டாக விட்டு, வெள்ளைத் தட்டில் பார்த்தபடியே நிறுத்துங்கள். அரை லிட்டருக்கு ஒன்றிலிருந்து இரண்டு மேசைக்கரண்டி வரை போகலாம். அதற்கு மேல் போனால் புளிப்பே ஜெலட்டினின் பிடிப்பைத் தளர்த்தும். அப்போது ஜெலட்டினையும் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

நிறம் ஊதாவாக இல்லாமல் கறுத்து, மை போல இருந்தால் இரும்பைச் சந்தேகியுங்கள். இரும்புச் சட்டி, துரு உள்ள கத்தி, இரும்புச் சத்து கூடிய தண்ணீர் இவை பழத்தோலின் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்தால் கருமை வரும். எலுமிச்சையால் இதை முழுசாகச் சரிசெய்ய முடியாது. எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் புதிதாகத் தொடங்குவதே நல்லது.

பால் ஜெல்லியில் சாம்பல் நிறம் வந்திருந்தால் அதற்குத் திருத்தமே கிடையாது. பாலில் புளிப்பு மிகக் குறைவு, எலுமிச்சை விட்டால் திரிந்துவிடும். பால் ஜெல்லிக்கு அந்தோசயனினையே தேர்ந்தெடுக்காதீர்கள். இளஞ்சிவப்புக்குப் பீட்ரூட், ஆரஞ்சுக்குக் கேரட், மஞ்சளுக்குக் குங்குமப்பூ அல்லது மஞ்சள்தூள் என்று போங்கள்.

நீலம் வேண்டும், ஆனால் ஊதாவோ பச்சையோ வருகிறது

சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் வரும் நீலத்துக்கு ஈடான நீலம் வீட்டுச் சமையலில் வேறெதிலும் இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. கால் லிட்டர் வெந்நீருக்கு 15, 20 உலர்ந்த பூ, பத்து நிமிடம், அவ்வளவுதான். ஊதாவுக்குத் திரும்பினால் எங்கோ புளிப்பு நுழைந்திருக்கிறது. எலுமிச்சை சேர்க்காவிட்டாலும் பழப்பாகு, தேன், சுவையூட்டிய சர்க்கரை எதில் வேண்டுமானாலும் அது ஒளிந்திருக்கலாம். ஜெலட்டினுக்கே லேசான புளிப்பு உண்டு. வெறும் சர்க்கரை, நல்ல தண்ணீர், ஜெலட்டின், பூ. இதற்கு மேல் எதையும் சேர்க்காமல் ஒருமுறை செய்து பாருங்கள், நீலம் நிற்கும்.

பச்சைச் சாயல் அடித்தால் அது பூவின் குற்றமில்லை. மலிவான ஜெலட்டின் லேசான பழுப்பு மஞ்சளாக இருக்கும். நீலத்தோடு அது சேர்ந்தால் பச்சை போலத் தெரியும். நிறமே இல்லாத, தெளிவான ஜெலட்டின் வாங்குவதுதான் வழி.

முட்டைகோஸ் சாற்றைச் சமையல் சோடா போட்டு நீலமாக்குவது இன்னொரு முறை. கத்தி நுனியில் எடுக்கும் அளவுக்கும் குறைவாகப் போடுங்கள். சற்றுக் கூடினால் பச்சைக்குத் தாவிவிடும், வாயில் சோப்பு ருசியும் நிற்கும். காரத்தில் நெடுநேரம் கிடந்த அந்தோசயனின் நிரந்தரமாகவே சிதைந்துபோகும். பிறகு எலுமிச்சை பிழிந்தாலும் பழைய அழகு திரும்பாது.

ஸ்பைருலினாவிலிருந்து எடுக்கும் நீலப் பொடியும் இப்போது கிடைக்கிறது. அதன் நீலம் ஒரு புரதத்தோடு ஒட்டியது, சூட்டில் சிதையும், நல்ல புளிப்பில் திரிந்து மங்கும். கலவை கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு கலக்குங்கள், எலுமிச்சையை மறந்துவிடுங்கள்.

பீட்ரூட் சிவப்பு பழுப்பாகிவிட்டது

கொதிக்க விட்டிருக்கிறீர்கள். வேறு காரணம் தேட வேண்டியதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு இதுதான் வழக்கமான காரணம். பீட்டாலைன் நீண்ட கொதியில் உடைந்து மஞ்சள் பழுப்பாகிறது. அந்தச் சிதைவின் ஒரு பகுதி மீளக்கூடியது என்பது ஆறுதல். லேசாக எலுமிச்சை விட்டு, மூடி, குளிர்ந்த இடத்தில் சில மணி நேரம் வைத்தால் சிவப்பு ஓரளவு திரும்பும். முழுசாகத் திரும்பாது.

அடுத்த முறைக்கு: பீட்ரூட்டைத் தோலோடு முழுசாக வேகவையுங்கள் அல்லது ஆவியில் வையுங்கள். தோல் இருக்கும்வரை சாயம் வெளியே ஓடாது. வேகாத சாற்றைக் கறுக்கச் செய்யும் நொதிகளும் அந்தச் சூட்டில் அடங்கிவிடும். ஆறியதும் தோலுரித்துத் துருவி, எலுமிச்சை சில சொட்டு விட்டுப் பிழிந்து வடிகட்டுங்கள். ஜெலட்டின் கலவையை அடுப்பிலிருந்து இறக்கி, வெதுவெதுப்பாகும் வரை பொறுத்து, கடைசியில் இந்தச் சாற்றைச் சேருங்கள். கடற்பாசி என்றால் கொஞ்சம் வேகம் வேண்டும். அது 32 முதல் 40 டிகிரிக்குள்ளேயே உறையத் தொடங்கும். கொதித்த கடற்பாசியை இறக்கி, ஆவி அடங்கியதும், அறைச்சூட்டில் இருக்கும் சாற்றை ஊற்றி உடனே கலக்கி அச்சில் விடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சாற்றை அப்படியே ஊற்றினால் கட்டி கட்டியாக உறையும்.

சமையல் சோடா பட்டாலும் பீட்ரூட் நிறம் கெடும். நீலம் செய்த கரண்டியையே இதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

பச்சை, பாசி படிந்த பழுப்பாக மாறிவிட்டது

பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசிய அணு இருக்கிறது. புளிப்பும் சூடும் சேர்ந்து அதை வெளியேற்றினால் பளிச்சென்ற பச்சை போய், ஊறுகாய்க் காயின் மங்கல் பச்சை வந்துவிடும். திருத்த வழியில்லை.

கீரையைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி, அரைத்து, மெல்லிய துணியில் பிழியுங்கள். கலவை ஆறும் தறுவாயில் சேருங்கள். எலுமிச்சை ஜெல்லியைக் கீரையால் பச்சையாக்க முயல்வதை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. புளிப்பில்லாத பால் ஜெல்லியிலும் தேங்காய்ப்பால் ஜெல்லியிலும் அது நன்றாக நிற்கும். கொழுப்பு இருப்பதால் நிறமும் சமமாகப் பரவும்.

தெளிவான பச்சை வேண்டுமானால் சங்குப்பூ நீலத்தில் மஞ்சளையோ குங்குமப்பூவையோ துளித்துளியாகச் சேருங்கள். இங்கேயும் புளிப்பு கூடாது. எலுமிச்சை விழுந்தால் நீலம் ஊதாவாகி, ஊதாவும் மஞ்சளும் கலந்து சேற்று நிறம் வரும்.

செம்புப் பாத்திரத்தில் கொதிக்க வைத்தால் பச்சை நிலைக்கும் என்று ஒரு பழைய குறிப்பு உலவுகிறது. செம்பு பச்சையத்தில் நுழைந்து நிறத்தைப் பிடித்து வைப்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு செம்பு உணவில் இறங்குகிறது என்பது உங்கள் கையில் இல்லை, அளவு மீறினால் நஞ்சு. செய்யவே வேண்டாம். கடையில் வாங்கும் பச்சைச் சாயத்தில் ஈ141 (E141) என்ற உணவுச் சேர்க்கைக் குறியீட்டு எண் போட்டிருந்தால் அது அளவோடு செம்பு சேர்த்துத் தயாரித்த பச்சையம். அதேபோல ஈ162 பீட்ரூட் சிவப்பு, ஈ163 அந்தோசயனின், ஈ100 குர்குமின்.

மஞ்சள் புள்ளி புள்ளியாக இருக்கிறது, அடியில் படிந்துவிட்டது

குர்குமின் தண்ணீரில் கரையாது. மிதந்து, பிறகு படியும். தெளிவான ஜெல்லிக்குக் குங்குமப்பூவே மேல். பத்துப் பதினைந்து இழைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்தால் பொன் நிறம் தானாக இறங்கும். மஞ்சள்தூள்தான் இருக்கிறது என்றால் அரை லிட்டருக்கு இரண்டு சிட்டிகை எடுத்து, சர்க்கரைப் பாகில் கொதிக்கவிட்டு, அசையாமல் வைத்துத் தெளியவிட்டு, மேலே இருப்பதை மட்டும் இரட்டைத் துணியில் வடிகட்டுங்கள். பால் ஜெல்லியில் இந்தத் தொல்லை குறைவு.

மஞ்சள் செம்பழுப்பாக மாறியிருந்தால் காரம் பட்டிருக்கிறது. இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் மஞ்சளாகத் திரும்பிவிடும்.

கேரட் சாறு எப்போதும் கலங்கலாகத்தான் இருக்கும். அதைத் தெளிய வைக்கப் பாடுபடாதீர்கள். தெளிந்த சாற்றில் நிறமும் இருக்காது.

நிறம் நன்றாக இருக்கிறது, ஆனால் கலங்கி, திரிதிரியாகத் தெரிகிறது

மாதுளை, செம்பருத்தி, கறுப்பு திராட்சைத் தோல், நாவல், அடர்த்தியான தேநீர்: இவற்றில் துவர்ப்பு தரும் டானின் அதிகம். டானின் ஜெலட்டினைப் பிடித்து இழுத்துக் கட்டியாக்கும். ஒயின் தயாரிப்பவர்களும் பழச்சாறு தயாரிப்பவர்களும் இதே வினையைப் பயன்படுத்தித்தான் கலங்கலை அடியில் படிய வைத்துத் தெளிவாக்குகிறார்கள். நாமும் அதையே செய்யலாம். ஆறிய சாற்றில் ஊறவைத்துக் கரைத்த ஜெலட்டின் ஒரு சிட்டிகை அளவு கலக்கி, இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் அடியில் வண்டல் நிற்கும். மேலே இருக்கும் தெளிந்த சாற்றை ஆட்டாமல் எடுத்து ஜெல்லி செய்தால் பளபளப்பு வரும். கொஞ்சம் நிறமும் வண்டலோடு போகும் என்பதை மனதில் வைத்துச் சாற்றை அடர்த்தியாக எடுங்கள்.

பொறுமை இல்லையென்றால் பூவையும் தோலையும் கொஞ்ச நேரம் மட்டும் ஊறவைத்து, பிழியாமல் வடிய விடுங்கள். பிழியும்போதுதான் துவர்ப்பு அதிகம் இறங்குகிறது. கடற்பாசி புரதம் அல்ல, அதனால் டானின் அதை இப்படிக் கட்டியாக்காது.

உறையவே இல்லை

வேகவைக்காத அன்னாசி, பப்பாளி, கிவி, அத்தி, இஞ்சி இவற்றின் சாற்றை நிறத்துக்கோ மணத்துக்கோ சேர்த்தீர்களா? இவற்றில் புரதத்தை வெட்டும் நொதிகள் உள்ளன. ஜெலட்டினைத் துண்டாக்கிவிடும், எவ்வளவு நேரம் ஃபிரிட்ஜில் வைத்தாலும் தண்ணீராகவே நிற்கும். ஜெலட்டினைக் கூட்டினாலும் பயன் இல்லை. சாற்றை முதலில் சில நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிட்டுச் சேருங்கள். டின்னில் அடைத்த அன்னாசி ஏற்கெனவே சூடேறியது, அதனால் பிரச்சினை தராது. கடற்பாசியை இந்த நொதிகள் தொடாது.

இந்தப் பழங்கள் எதுவும் இல்லை என்றால், ஜெலட்டினை நேரடியாகக் கொதிக்க விட்டீர்களா, புளிப்பு மிகுந்துவிட்டதா, சாற்றைக் கூட்டிக்கொண்டே போய் மொத்தத் திரவம் அளவு மீறிவிட்டதா என்று பாருங்கள். அரை லிட்டருக்கு 7 கிராம் என்பது கிண்ணத்திலேயே சாப்பிடும் மென்மைக்கு, 10 கிராம் அச்சிலிருந்து கவிழ்க்க. சாயச் சாறும் அந்த அரை லிட்டரில் அடக்கம்.

நிறம் வெளிறிப்போயிருக்கிறது

சாற்றைக் கூட்டாமல், தண்ணீரைக் குறையுங்கள். முட்டைகோஸ் சாற்றை அடுப்பில் சுண்ட வைக்கலாம். பீட்ரூட்டைச் சுண்ட வைக்க முடியாது, அதற்கு வேறு வழி உண்டு. சாற்றை ஃப்ரீசரில் உறைய வைத்து, வடிகட்டியில் கவிழ்த்து மெதுவாக உருக விடுங்கள். முதலில் சொட்டுவது அடர் சாயம். பின்னால் வருவது வெறும் தண்ணீர். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மண் வாசனை, கோஸ் வாசனை வந்துவிடுமோ என்று பயந்து குறைவாகச் சேர்ப்பவர்களும் உண்டு. பீட்ரூட்டின் மண் வாசனைக்குக் காரணமான பொருள் புளிப்பில் சிதையும். தோலைத் தடிமனாகச் சீவி, எலுமிச்சை சேர்த்தால் பெரிதும் அடங்கும். கோஸை மூடாமல் குறைந்த நேரம் வேகவைத்தால் போதும்.

அடுக்குகளின் நிறம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது

ஊற்றிய உடனே கலந்திருந்தால் சூடுதான் காரணம். கீழ் அடுக்கு விரலால் தொட்டால் லேசாக ஒட்டும் பதத்தில் இருக்க வேண்டும், மேல் கலவை ஏறக்குறைய அறைச்சூட்டில், ஊற்றும் பதத்தில் மட்டும் இருக்க வேண்டும். ஒரு அடுக்கு கடற்பாசி, இன்னொன்று ஜெலட்டின் என்றால் கடற்பாசி எப்போதும் கீழே. அதைச் சூடாகத்தான் ஊற்ற முடியும், ஜெலட்டின் மேல் ஊற்றினால் அது உருகிவிடும்.

மறுநாள் எல்லைக்கோடு மங்கியிருந்தால் அது சாயம் மெல்ல ஊர்ந்து பரவியது. தண்ணீரில் கரையும் எல்லாச் சாயமும் ஜெல்லிக்குள் நகரும். பீட்ரூட்டுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பால் அடுக்கு வைத்தால் ஒரு நாளில் ரோஜா நிறமாகிவிடும். அடுக்கு ஜெல்லியைப் பரிமாறும் நாளிலேயே செய்யுங்கள்.

இரண்டு நாளில் மங்குகிறது

வெளிச்சமும் காற்றும் காரணம். மஞ்சளும் பீட்ரூட்டும் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். மூடி, ஃபிரிட்ஜின் இருட்டில் வையுங்கள். அலங்காரமாகச் சன்னலோரம் வைக்காதீர்கள். வைட்டமின் சி பொடி ஒரு சிட்டிகை பீட்ரூட் நிறத்தைக் காக்கும். அதே பொடி அந்தோசயனினைச் சீக்கிரம் சிதைக்கும், ஆகவே முட்டைகோஸ், திராட்சை ஜெல்லியில் போட வேண்டாம்.

சாப்பிட்ட பிறகு சிறுநீர் சிவந்திருக்கிறது

பீட்ரூட் ஜெல்லி சாப்பிட்ட சிலருக்கு, குழந்தைகளுக்கும், இப்படி ஆவதுண்டு. மலமும் சிவக்கலாம். சாயம் முழுசாகச் செரிக்காமல் வெளியேறுவதுதான் அது, தீங்கில்லை. பரிமாறும்போதே பெற்றோரிடம் சொல்லிவிட்டால் வீண் பதற்றம் இருக்காது. பீட்ரூட் சாப்பிடாமல் இரண்டு நாள் ஆன பிறகும் சிவப்பு தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.